பாதியில் நிற்கும் கணக்கு: மன்னாரின் காற்றாலைகளும் ஒன்பதாம் தரத்து அட்சரகணிதமும்

2025 ஓகஸ்ட் மாதம் முழுவதும் மன்னார் மக்கள் வீதியில் இருந்தார்கள். தீவுக்குள் இனியும் காற்றாலை வேண்டாம், கனிய மணல் அகழ்வு வேண்டாம் என்பவை அவர்களின் கோரிக்கைகள். ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க வேலைகளை ஒரு மாத காலத்துக்கு நிறுத்திவைக்கச் சொன்னார். அந்த மாதம் கழிந்தது. செப்ரெம்பர் இறுதியில் காற்றாலை உதிரிப்பாகங்கள் பொலிஸ் பாதுகாப்போடு மீண்டும் தீவுக்குள் கொண்டுவரப்பட்டன. பெண்களும் மதகுருமாரும் நின்ற கூட்டத்தின் மீது பொலிஸார் பலப்பிரயோகம் செய்தனர். மன்னார் கதவடைப்புச் செய்தது.

இதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. நான் எழுத வருவது அந்தப் போராட்டத்தின் ஓரத்தில் கிடக்கும் ஒரு விடயம்.

அந்த வாரங்களில் இரு தரப்பும் பேசிய விதத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். அதிகாரிகளும் கம்பனிகளும் மெகாவாற்றில் பேசினார்கள், அலகொன்றுக்கு எத்தனை சதம் என்று பேசினார்கள். மன்னார்ச் சனம் வீட்டுக்குள் ஏறும் மழை வெள்ளம், கரைக்கு வராத மீன், குறைந்துபோன பறவைகள் என்று பேசியது. இரண்டுமே உண்மையான பேச்சுத்தான். ஆனால் கூட்டம் முடிந்து அறிக்கை எழுதப்படும்போது எண்ணில் பேசியவர்கள் ‘நிபுணர்கள்’ ஆகிறார்கள். மற்றவர்கள் ‘உணர்ச்சிவசப்பட்ட பிரதேசவாசிகள்’ ஆகிறார்கள்.

அந்த எண்கள் எட்டாத உயரத்தில் இருப்பவையா? இல்லை. ஒரு காற்றாலை காற்றிலிருந்து ஆகக்கூடியது எவ்வளவு சக்தியை எடுக்கலாம் என்ற கேள்வியின் விடை, ஒன்பதாம் பத்தாம் தரக் கணிதப் புத்தகங்களில் இருக்கும் ‘காரணிப்படுத்தல்’ என்ற பாடத்தைக் கொண்டே கிடைத்துவிடுகிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் கணிதத்தைக் கைவிடுவதும் அதே பாடத்தில்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

காற்றைக் காரணிப்படுத்தினால்

முதலில் கணக்கு. பள்ளிக்கூடத்தோடு கணிதத்தை விட்டவர்களும் தொடரக்கூடிய அளவில்தான் சொல்கிறேன். தெரியாக் கணியத்துக்கு இங்கே ‘க’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம்.

விசிறியை நோக்கி வரும் காற்றின் வேகத்தை 1 என்று வைப்போம். விசிறியைத் தாண்டிய பிறகு அதன் வேகம் க. காற்று சற்றும் வேகம் குறையாமல் போனால், அதாவது க = 1 என்றால், காற்றாலை எதையும் எடுக்கவில்லை. மாறாகக் காற்றை முற்றாக நிறுத்தப் பார்த்தால் பின்னால் வரும் காற்றுக்கு வழியில்லை, அது விசிறியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே எங்கோ நடுவில் ஒரு நல்ல இடம் இருக்க வேண்டும்.

விசிறிக்கூடாகப் போகும் காற்றின் அளவு, முன் வேகத்தினதும் பின் வேகத்தினதும் சராசரியைப் பொறுத்தது: (1 + க) ÷ 2. அந்தக் காற்று இழக்கும் சக்தி, வேகங்களின் வர்க்க வித்தியாசத்தைப் பொறுத்தது: 1 − க². இரண்டையும் பெருக்கினால் காற்றில் இருந்த சக்தியில் எத்தனை பங்கு எங்கள் கைக்கு வருகிறது என்பது கிடைக்கும்:

½ (1 + க)(1 − க²)

இது ஏற்கெனவே காரணிகளாகத்தான் தெரிகிறது. பல பிள்ளைகள் இந்த இடத்தில் பேனையை வைத்துவிடுவார்கள். ஆனால் கணக்கு முடியவில்லை. 1 − க² என்பது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். அது இன்னும் உடையும்: (1 + க)(1 − க). ஆகவே முற்றாகக் காரணிப்படுத்திய வடிவம்:

½ (1 + க)(1 + க)(1 − க)

இந்தக் கடைசிப் படிதான் விடையைக் காட்டுகிறது. கூட்டுத்தொகை மாறாத எண்களைப் பெருக்கும்போது, அவை சமமாக இருந்தால்தான் பெருக்கம் ஆகக் கூடுதலாக வரும். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 10 என்றால் 1 × 9 = 9, 2 × 8 = 16, 5 × 5 = 25. மூன்று எண்களுக்கும் இதே கதைதான். எங்களிடம் உள்ள காரணிகளில் கடைசியை இரட்டித்து (1 + க), (1 + க), (2 − 2க) என்று எழுதுங்கள். கூட்டினால் க வெட்டுப்பட்டுப்போய் எப்போதும் 4 வரும். ஆகவே மூன்றும் சமமாகும் இடம்தான் நல்ல இடம்: 1 + க = 2 − 2க. அதாவது க = ⅓.

காற்றின் வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையும்போது காற்றாலை ஆகக்கூடிய சக்தியை எடுக்கிறது. அந்தப் பங்கு 16/27, ஏறத்தாழ 59.3 வீதம். சரிபார்க்க விரும்புபவர்கள் க-வுக்கு எண்களைப் போட்டுப் பார்க்கலாம். க = 0 என்றால் 50 வீதம். க = ½ என்றால் 56.25 வீதம். க = ⅓ என்றால் 59.3 வீதம். இந்த எல்லையை ஜேர்மன் பௌதிகவியலாளர் அல்பேர்ட் பெற்ஸ் 1920இல் வெளியிட்டார். எந்த நாட்டில், எந்தக் கம்பனி செய்த காற்றாலையும் இதைத் தாண்ட முடியாது.

அந்த ஒரு மீற்றர்

இனி மன்னார்த் தீவின் தென்கரைக்கு வருவோம். 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ திட்டத்தில் இலங்கை மின்சார சபை நிறுத்திய காற்றாலைகள் 30. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற். மொத்தம் 103.5 மெகாவாற். விசிறி சுற்றும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். வட்டத்தின் பரப்பளவைப் பத்தாம் தரப் பிள்ளை காணும்: ஏறத்தாழ 12,470 சதுர மீற்றர். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் சோளகம் வீசும்போது அந்த வட்டத்துக்குள் நுழையும் காற்று சுமந்துவரும் வலு சுமார் 7.5 மெகாவாற். அதில் 59.3 வீதம் என்றால் 4.4 மெகாவாற். உண்மையான இயந்திரம் அதற்கும் கீழேதான் நிற்க வேண்டும், 3.45இல் நிற்கிறது. கம்பனி சொல்லும் எண்ணைப் பாடசாலைக் கணிதத்தால் உரசிப் பார்க்க முடிகிறது.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. காற்றின் வலு அதன் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் வலு எட்டு மடங்காகும். உதாரணத்துக்கு ஓர் இடத்தில் செக்கனுக்கு 7 மீற்றரும் இன்னோர் இடத்தில் 8 மீற்றரும் வீசுகிறது என்று வைப்போம். ஒரு மீற்றர்தானே வித்தியாசம் என்று தோன்றும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்தவர்களுக்கு இரண்டு கனங்களின் வித்தியாசத்தைக் காரணிப்படுத்தத் தெரியும்: வேக வித்தியாசத்தை, இரு வேகங்களின் வர்க்கங்களும் பெருக்கமும் சேர்ந்த தொகையால் பெருக்க வேண்டும். அதாவது 1 × (64 + 56 + 49) = 169. ஒரு பக்கம் 343, மறுபக்கம் 512. அந்த ஒரு மீற்றரை இழந்தால் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

எல்லோரும் ஏன் மன்னார்க் கரையையே கேட்கிறார்கள் என்பதற்கான விடை இந்தப் பெருக்கத்துக்குள் இருக்கிறது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் திட்டத்தோடு வந்து, அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலை சர்ச்சையாகி, 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்ட அதானி குழுமம் வந்ததற்கும் அதுதான் காரணம். மன்னார் மக்களுக்கும் இதனால் ஒரு பயன் உண்டு. ‘காற்றாலைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுபோங்கள்’ என்ற கோரிக்கைக்கு அரசிடம் இருக்கும் பதில் ‘அங்கே காற்றுக் குறைவு’ என்பது. எவ்வளவு குறைவு? அதனால் வருடத்துக்கு எவ்வளவு நட்டம்? அந்த நட்டத்தையும் தீவின் வடிகால், கரைவலைப்பாடு, வலசைப் பறவைகள் ஆகியவற்றுக்கு வரும் நட்டத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார்களா? இந்தக் கேள்விகளை எண்ணோடு கேட்டால் ‘உணர்ச்சிவசப்பட்டவர்கள்’ என்று ஒதுக்குவது கடினம்.

இந்தக் கணக்கு போராட்டத்தின் நியாயத்தை நிரூபித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெற்ஸின் கோவையில் மீனவருக்கு ஓர் உறுப்பு இல்லை, வெள்ளத்துக்கு ஓர் உறுப்பு இல்லை. எந்த உறுப்பு எழுதப்படாமல் விடப்பட்டிருக்கிறது என்று காட்டுவதற்கும் கோவையை வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் தரத்தில் என்ன நடக்கிறது

அப்படியான ஒருவர் ஊரில் உருவாவதற்கு என்ன தடை? தடை பல்கலைக்கழக வாசலில் இல்லை, அதற்கு மிகவும் முன்னால் இருக்கிறது.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் நாடு முழுவதிலும் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் கணிதத்தில் சித்தியடைவதில்லை. இது ஒரு வருடத்துக் கதை அல்ல, பல வருடங்களாக இந்த அளவில்தான் நிற்கிறது. கணிதச் சித்தி இல்லாவிட்டால் உயர்தரத்துக்கான பல கதவுகள் மூடிக்கொள்கின்றன. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் சிலருக்குத் தொழிற்கல்வி வழியைத் திறந்தது நல்லதுதான். ஆனால் பொறியியலுக்கோ பௌதிக விஞ்ஞானத்துக்கோ அந்தப் பாதை போகாது.

கணிதத்தில் விழும் பிள்ளை எங்கே விழுகிறது என்று ஆசிரியர்களைக் கேட்டால் அட்சரகணிதத்தைத்தான் அதிகம் சொல்கிறார்கள். அதற்குள்ளும் காரணிப்படுத்தல் ஒரு மூட்டுப் போன்றது. குறுவினாக்களில் ‘காரணிப்படுத்துக’ என்று நேரடியாக வரும் வினாவுக்கு 2 புள்ளிகள்தான். ஆனால் அட்சரகணிதப் பின்னங்களைச் சுருக்க அது வேண்டும். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க அது வேண்டும். வரைபு எங்கே அச்சை வெட்டுகிறது என்று விளங்க அது வேண்டும். மூட்டு விலகினால் கை முழுவதும் வேலை செய்யாது.

உண்மையான சிக்கல் அதற்கும் முந்தியது. க² + 5க + 6 என்பதைக் காரணிப்படுத்த, பெருக்கினால் 6உம் கூட்டினால் 5உம் வரும் இரண்டு எண்களைத் தேட வேண்டும். அதற்கு வாய்பாடு மனதில் ஓட வேண்டும். வாய்பாடு மூன்றாம் நான்காம் தரத்துப் பாடம். பொதுக் காரணிகள் ஆறாம் ஏழாம் தரத்துப் பாடம். ஆகவே ஒன்பதாம் தரத்தில் தெரியும் தோல்வி ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால் நடந்தது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் கோவிட் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மூன்றாம் தரத்தில் இருந்த பிள்ளை 2026இல் ஒன்பதாம் தரம். வாய்பாடு மனனமாக வேண்டிய இரண்டு வருடங்கள் அந்தப் பிள்ளைக்குத் துண்டு துண்டாகவே கிடைத்தன. தொலைபேசி இருந்த வீட்டில் இணையவகுப்பு, இல்லாத வீட்டில் எதுவும் இல்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி. அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் தலைமன்னாரிலும் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் தொழிலுக்குப் போகும் குடும்பத்தில் முதலில் வெட்டப்படும் செலவுகளில் ஒன்று ரியூசன் காசு. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது ‘காரணிப்படுத்துக’ என்ற சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். நாட்டின் புதிய கல்விச் சீர்திருத்தம் கீழ் வகுப்புகளிலிருந்து படிப்படியாகத்தான் மேலே வருகிறது. இவர்கள் பழைய பாடத்திட்டத்திலேயே பரீட்சை எழுதுவார்கள். சீர்திருத்தம் வந்து இவர்களைக் காப்பாற்றப் போவதில்லை.

எங்கள் தலைமுறையின் நடுப்படி

என் தலைமுறைக்கு இந்த இடைவெளியை உண்டாக்கியது போர். 2008இல் நான் பத்தாம் தரம். அந்த ஒரு வருடத்துக்குள் மூன்று பாடசாலைகளின் வரவு இடாப்பில் என் பெயர் இருந்தது. முதலாவதில் பொதுக் காரணியை வெளியே எடுக்கக் கற்பித்தார்கள். மூவுறுப்புக் கோவையைப் படித்திருக்க வேண்டிய வாரங்களில் நாங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் வன்னிக்குள் போய்க்கொண்டிருந்தோம். மூன்றாவது பாடசாலை ஒரு மரத்தடி. அங்கே இருபடிச் சமன்பாடு நடந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்த படியைப் பிறகு முகாமில் ஓர் அக்கா சீமெந்துப் பையின் உட்புறத் தாளில் எழுதி எழுதிக் காட்டினார். அவர் காட்டியிராவிட்டால் நான் உயர்தரம் படித்திருக்க வாய்ப்பில்லை. இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலரிடம் இப்படியொரு அக்காவின் அல்லது அண்ணாவின் கதை இருக்கும். அப்படி ஒருவர் கிடைக்காதவர்களின் கதைகள் எழுதப்படுவதில்லை.

மன்னார் மாவட்டத்தில் இந்த இடைவெளிக்குப் பல முகங்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் படித்தார்கள். எருக்கலம்பிட்டிக்கும் தாராபுரத்துக்கும் முசலிக்கும் திரும்பி வந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். தலைமன்னாரிலிருந்து படகேறி மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாடு போனவர்களின் பிள்ளைகள் அங்கே ‘இயற்கணிதம்’ படித்தார்கள். திரும்பி வந்தபோது இங்கே அதற்குப் பெயர் ‘அட்சரகணிதம்’. அங்கே ‘முக்கோணம்’, இங்கே ‘முக்கோணி’. ஒரே மொழிதான், ஆனாலும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலி. மாந்தை மேற்கு, மடுப் பிள்ளைகளின் 2007, 2008, 2009 எப்படிக் கழிந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகள் இன்று பெற்றோர். தங்கள் பிள்ளையின் ஒன்பதாம் தரக் கொப்பியைத் திறந்தால், தாங்கள் தவறவிட்ட அதே பக்கம் முன்னால் வருகிறது.

எங்களுக்குக் கணிதம் புதிதல்ல

வடக்கில் தமிழில் அட்சரகணிதம் கற்பிக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. வட்டுக்கோட்டை செமினரியின் வழிவந்த கறல் விசுவநாதபிள்ளையின் ‘வீசகணிதம்’ 1855இல் அச்சானது. அவரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும்தான் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள்.

பின்னர் 1971இல் தரப்படுத்தல் வந்தது. பேராதனையில் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதும், தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 வேண்டும் என்றானபோது எங்கள் இளைஞர்களின் அரசியலே மாறியது. கணிதப் புள்ளிகள் போருக்குப் போன பாதையின் ஒரு பகுதி என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதன் பின்வந்த முறையில் இன்று பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மன்னார் அந்த 16இல் ஒன்று. அதாவது மன்னார்ப் பிள்ளைக்கென்று பொறியியல் பீடத்தில் இடம் இருக்கிறது. அந்த இடத்தை நோக்கிப் போகும் ஏணியின் கீழ்ப்படி ஒன்பதாம் தரத்தில் உடைந்திருக்கிறது. கோட்டாவைப் பற்றி ஐம்பது வருடமாகப் பேசுகிறோம். கீழ்ப்படியைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை.

ஒரு கழித்தல் கணக்கு

எண்ணோடு பேசினால் என்ன ஆகும் என்பதற்கு மன்னாரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2011 ஜனவரி 8ஆம் திகதி கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், கச்சேரிப் பதிவின்படி, 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள், ஐ.நா.வின் கணக்கின்படி, 2,82,380. மிகுதி 1,46,679. அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

ஆண்டகை 2021 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். கேள்விக்குப் பதில் இன்றுவரை இல்லை. ஆனால் அந்த எண்ணை யாராலும் அழிக்கவும் முடியவில்லை. காரணம், அவர் தன் செய்கையைக் காட்டியிருந்தார். இரண்டு எண்களும் அவர் கண்டுபிடித்தவை அல்ல. ஒன்று அரசின் சொந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது, மற்றது ஐ.நா.விடமிருந்து வந்தது. ஏற்க மறுப்பவர் எந்தப் படி பிழை என்று காட்ட வேண்டும். கணிதப் பாடத்தில் விடைக்கு மட்டுமன்றிச் செய்கைக்கும் புள்ளி கொடுப்பதன் பொருள் இதுதான். கோபத்தோடு கேட்ட ஆயிரம் கேள்விகள் மறக்கப்பட்ட இடத்தில் இந்தக் கழித்தல் நிற்கிறது.

என்ன செய்யலாம்

பெரிய திட்டங்களைச் சொல்லப் போவதில்லை. செய்யக்கூடியவை சில.

ஒன்று. மன்னார், மடு ஆகிய இரண்டு கல்வி வலயங்களிலும் ஒன்பதாம் தரத் தொடக்கத்தில் ஒரு சிறு கண்டறிதல் பரீட்சை வைக்க வேண்டும். வாய்பாடு, பொதுக் காரணி, அடைப்பு நீக்கல் ஆகிய மூன்று மட்டும் போதும். விழும் பிள்ளைக்குச் சில வாரம் பழைய பாடத்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏற்றுங்கள். பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பார்கள். விளங்காத பாடத்தை முடித்து எவருக்கும் பயனில்லை.

இரண்டு. பெற்றோருக்கு. உங்களுக்கு அட்சரகணிதம் தெரியாவிட்டாலும் பிள்ளையின் காரணிப்படுத்தலைச் சரிபார்க்கலாம். பிள்ளை 2க² − 18 என்பதை 2(க² − 9) என்று எழுதியிருக்கிறதா? க-வுக்கு 5 போட்டுப் பாருங்கள். மேலே 50 − 18 = 32. கீழே 2 × 16 = 32. சரிதான், ஆனால் முடியவில்லை. அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்த அடைப்புக்குள் இருப்பது இன்னும் உடையுமா? க² − 9 உடையும். 2(க − 3)(க + 3). மறுபடி 5 போடுங்கள்: 2 × 2 × 8 = 32. இனி உடையாது, நிறுத்தலாம். க² + 9 என்றிருந்தால் அது பாடசாலை எண்களுக்குள் உடையவே உடையாது. அதை உடைக்கப் பார்ப்பதும் பிழை. எதுவரை போக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது இரண்டும் சேர்ந்ததுதான் ‘முற்றாக’ என்ற சொல். பல வினாக்களில் புள்ளி போவது இந்தக் கடைசிப் படியில்தான்.

மூன்று. புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும். கட்டடமும் திறன்பலகையும் கண்ணுக்குத் தெரியும் உதவிகள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோவில், தேவாலய, பள்ளிவாசல் மண்டபமொன்றில் மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து, ஏழாம் தரத்து இடைவெளியை நிரப்பும் உயர்தர மாணவி ஒருத்திக்கு மாதம் ஒரு சிறு கொடுப்பனவு கொடுப்பது அதைவிட மலிவு. மூன்று சமூகப் பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில் இருந்தால் இன்னும் நல்லது. காற்றாலைப் போராட்டத்தில் அவர்களின் பெற்றோர் அப்படித்தான் இருந்தார்கள்.

நான்கு. அரசுக்கும் கம்பனிகளுக்கும். சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தோம் என்று சொல்வது போதாது. எந்தக் காற்று வேகத்தை எடுத்தீர்கள், எந்த இடத்தோடு ஒப்பிட்டீர்கள், எந்தச் செலவைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்பவற்றைத் தமிழில், படி படியாக, செய்கையோடு மன்னாரில் விளக்க வேண்டும். விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுக்காத நாடு, விடையை மட்டும் சொல்லும் திட்டத்துக்கு ஏன் முழு அனுமதி கொடுக்கிறது?

ஐந்து. மன்னாரில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு. பாடப்புத்தகத்தில் உள்ள உதாரணங்களோடு தம்பபவனியையும் கரும்பலகைக்குக் கொண்டுவாருங்கள். 126 மீற்றர் விட்டமும் 3.45 மெகாவாற்றும் ஒரு வாரத்துக்குப் போதுமான கணக்கு. யன்னலுக்கு வெளியே சுற்றும் ஒன்றைத் தான் படிக்கும் பாடம் விளக்குகிறது என்று கண்ட பிள்ளை ‘இதை ஏன் படிக்கிறோம்’ என்று கேட்காது.

அடுத்த காற்றாலைத் திட்டத்துக்கான பொதுக் கலந்துரையாடல் மன்னாரில் எப்போதாவது நடக்கத்தான் போகிறது. கனிய மணலுக்கும் நடக்கும். இப்போது ஒன்பதாம் தரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்போது இருபது வயது கடந்திருக்கும். மேசையின் மறுபக்கத்தில் இருப்பவர் ஒரு கோவையைத் திரையில் காட்டும்போது, பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, அது இன்னும் முடியவில்லை, அடுத்த படியையும் எழுதுங்கள் என்று கேட்க வேண்டும். அதற்கான வேலையை இந்த வருடம் தொடங்கினால்தான் உண்டு.